கயிற்றுக்கு வெளியே நிற்கப் போகிறோம்

"பெரியப்பா, டிரினிடாட் கார்னிவலுக்குப் போலாமா?"

கேட்டது என் தம்பி மகள். கல்லூரியில் படிக்கிறாள். பறைக்குழு ஒன்றில் அடிக்கிறாள். கேட்டபோது சிரித்தேன். நான் அரசுப் பள்ளி வாத்தியார். நாங்கள் குடும்பத்தோடு போன தூரமான ஊர் வேளாங்கண்ணி. இவள் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தீவுக்குக் கூப்பிடுகிறாள். சிரித்துவிட்டு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. மறுநாள் நானே அவளைக் கூப்பிட்டு, "எப்ப?" என்றேன். "2027 பிப்ரவரி 8, 9" என்றாள். தேதியைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறாள்.

இரண்டு பேருமாகப் பணம் சேர்க்க ஆரம்பித்துவிட்டோம். விசயம் தெரிந்த தோழர்கள் சிலர் சும்மா இருக்கவில்லை. "வழக்கு நடத்தக் காசு இல்லாம வக்கீல் வாசல்ல நிக்கிறோம். நீங்க கூத்து பாக்கப் போறீங்களா தோழர்?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கான பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கூடவே, எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். தொண்ணூறுகளில் நாங்கள் மாணவர்களாக இருந்தபோது கார்னிவல் பற்றிப் பேசாத நாள் கிடையாது. பக்தின் பெயர் எல்லார் வாயிலும் இருந்தது. அரசன் ஆண்டியாவான், ஆண்டி அரசனாவான், மேலது கீழாகும், அதிகாரம் சிரிப்பில் கரையும் என்று டீக்கடையில் மணிக்கணக்காக அடித்துவிட்டோம். பக்தின் எழுதியது மத்தியகால அய்ரோப்பாவின் களியாட்டம் பற்றி, ரபேலே என்ற பிரெஞ்சு எழுத்தாளரை முன்வைத்து. அதை நம்மூர்க் கூத்துக்கும் கொடைக்கும் பொருத்திப் பார்த்தோம். ஆனால் அடிமைகளின் பிள்ளைகள் இன்றைக்கும் தெருவில் நடத்திக்கொண்டிருக்கிற கார்னிவல் ஒன்று உண்டு, அதற்காக அவர்கள் போலீசோடு கட்டிப் புரண்டிருக்கிறார்கள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. கோட்பாடு கிடைத்துவிட்டால் மனுசர்கள் எதற்கு என்கிற சோம்பேறித்தனம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே அந்த மனுசர்களிடமிருந்தே தொடங்குவோம்.

டிரினிடாட் அப்போது ஸ்பெயின்காரன் கையில் இருந்தது. ஆள் இல்லாத தீவுக்கு ஆள் சேர்க்க 1783-இல் ஒரு அரசாணை போட்டார்கள். கத்தோலிக்கனாக இருந்தால் நிலம் கிடைக்கும். கூடவே அடிமைகளை ஓட்டி வந்தால் தலைக்கு இவ்வளவு என்று இன்னும் நிலம் கிடைக்கும். பக்கத்துத் தீவுகளிலிருந்து பிரெஞ்சுப் பண்ணையார்கள் வந்து இறங்கினார்கள். கிறிஸ்துமஸ் தொடங்கி தவக்காலம் வரை விருந்து, முகமூடி நடனம் என்கிற பழக்கத்தையும் கொண்டு வந்தார்கள். 1797-இல் தீவு பிரிட்டிஷ்காரன் கைக்குப் போனது. பண்ணையும் நடனமும் அப்படியே இருந்தன.

அந்த நடனத்தில் பண்ணையார்கள் போட்ட ஒரு வேசத்தைக் கவனியுங்கள். அதற்கு 'நெக் ஜார்தேன்' என்று பெயர். தோட்டத்து அடிமை என்று பொருள். கரும்புத் தோட்டத்தில் தீப்பிடித்தால் அடிமைகளைக் கொம்பு ஊதி, சாட்டையடித்து, தீவட்டியோடு ஓட்டிப்போவார்கள். கரும்பு எரிவதற்குப் பிரெஞ்சில் 'கான் புரூலே'. எசமானர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, தீவட்டி பிடித்து, அந்தக் காட்சியை விளையாட்டாக நடித்துக் காட்டினார்கள். அடிமையின் வேதனை எசமானனுக்குப் பண்டிகை வேசம்.

1834 ஆகஸ்டு 1-இல் அடிமைமுறை ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஆனாலும் 'தொழில் பழகுநர்' என்று பெயர் மாற்றி அதே எசமானனிடம் வேலை வாங்கினார்கள். 1838 ஆகஸ்டு 1-இல்தான் உண்மையில் விட்டார்கள். பிரிட்டிஷ் அரசு நட்டஈடாக இரண்டு கோடி பவுன் கொடுத்தது. கொடுத்தது அடிமைகளுக்கு அல்ல, எசமானர்களுக்கு. அதற்காக வாங்கிய கடனின் மிச்சத்தைப் பிரிட்டன் அடைத்து முடித்தது 2015-இல்!

விடுதலையானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். எசமானன் விளையாட்டாக நடித்த அதே கான் புரூலேயைத் தங்கள் விடுதலை நாளாக எடுத்துக்கொண்டார்கள். தீவட்டி, கம்பு, முரசு, பாட்டு. வாயில் அது 'கான்புலே' ஆனது. முதலில் ஆகஸ்டு மாதத்தில் நடந்தது, பிறகு கார்னிவல் திங்கட்கிழமையின் நள்ளிரவுக்கு நகர்ந்தது. எசமானர்கள் மெல்லத் தெருவை விட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கார்னிவல் கைமாறியது இப்படித்தான்.

தெருவுக்கு வந்தவர்களுக்கு மேட்டுக்குடி வைத்த பெயர் 'ஜமெட்'. விட்டம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். கௌரவத்துக்கு ஒரு கோடு கிழித்திருக்கிறார்களாம், அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறவர்கள் ஜமெட். போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத்தின் பின்கட்டு லயன் வீடுகளில் இருந்த கூலிகள், சலவைக்காரிகள், வேலையில்லாதவர்கள், பாட்டுக்காரிகள், கம்பு சுற்றும் சண்டியர்கள், அவர்களுக்கு நிகராகக் கம்பு எடுத்த பெண்கள். அன்றைய பத்திரிகைகள் அவர்களை ஆபாசம், அசிங்கம், காட்டுமிராண்டித்தனம் என்று திட்டின. கோட்டுக்குக் கீழே என்பதற்கு நமக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. சேரி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்.

போலீஸ் தலைமை அதிகாரி கேப்டன் பேக்கர் 1880-இல் தீவட்டியையும் கம்பையும் முரசையும் பறித்தான். சனங்கள் விட்டுக்கொடுத்துப் போனார்கள். 1881-இல் மறுபடி வந்தான். இந்தத் தடவை விடவில்லை. தெருவிளக்குகளை உடைத்து இருட்டாக்கிவிட்டு, கம்பும் கல்லும் பாட்டிலுமாகப் போலீசை எதிர்த்து நின்றார்கள். கவர்னர் ஃப்ரீலிங் போலீசைக் கொட்டடிக்குள் வைத்துக்கொண்டு, தானே வந்து கூட்டத்திடம் சமாதானம் பேச வேண்டியதாயிற்று. ஆனால் அதிகாரம் அவமானத்தை மறக்குமா? 1884-இல் அமைதிகாப்புச் சட்டம் வந்தது. தீவட்டி ஊர்வலம் கூடாது. பத்துப் பேருக்கு மேல் கம்போடு கூடக் கூடாது. முரசு அடிக்கக் கூடாது.

அதே 1884-இல் இன்னொன்றும் நடந்தது. கல்கத்தாவிலிருந்தும், சிறு அளவில் சென்னையிலிருந்தும், ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிக் கொண்டு வந்திருந்தார்கள். முதல் கப்பல் 1845 மே 30-இல் வந்தது. 1917 வரைக்கும் ஏறத்தாழ 1,44,000 பேர். அந்தக் கூலிகளின் பெரிய விழா மொகரம். அங்கே அதற்கு 'ஹோசே' என்று பெயர். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக் கூலிகளும் சேர்ந்துதான் தாசியா தூக்கினார்கள். தாசா மேளம் அடித்தார்கள். ஊர்வலம் ஊருக்குள் வரக் கூடாது என்று அதற்கும் தடை போட்டார்கள். மீறி வந்தவர்களை அக்டோபர் 30-இல் சான் ஃபெர்னாண்டோவில் சுட்டார்கள். பலர் செத்தார்கள். நூறு பேருக்கு மேல் காயம். ஆப்பிரிக்கன் முரசுக்குத் தடையும் இந்தியன் மேளத்துக்குத் துப்பாக்கியும் ஒரே வருசத்தில் வந்தன. இதைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது?

முரசைத் தடை செய்தால் என்ன செய்வார்கள்? மூங்கிலை வெட்டி அடித்தார்கள். பெரிய மூங்கிலைத் தரையில் குத்தினால் ஒரு சத்தம், சின்னதை ஒன்றோடொன்று மோதினால் இன்னொரு சத்தம். 'தம்பு பாம்பு' என்று பெயர். சட்டப் புத்தகத்தில் முரசு என்று எழுதியிருக்கிறது, மூங்கில் என்று எழுதவில்லையே! பிறகு 1930-களில் பிஸ்கட் டின், பெயிண்ட் டின், குப்பைத்தொட்டி மூடி என்று தகரத்துக்கு வந்தார்கள். தகரம் அடி வாங்கி நெளிந்த இடத்தில் வேறு வேறு ஸ்வரம் வருவதைக் கண்டுபிடித்தவர்கள் குப்பத்துப் பையன்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு எண்ணெய் பீப்பாய்க்கு வந்தார்கள். பீப்பாயின் தலையைச் சுத்தியலால் உள்வாங்க அடித்து, ஸ்வரங்களுக்குக் கட்டம் பிரித்து, தீயில் காட்டி, மறுபடி அடித்து சுருதி சேர்ப்பார்கள். அதுதான் ஸ்டீல்பேன். எண்ணெய்க் கம்பெனி தூக்கிப் போட்டதிலிருந்து ஒரு வாத்தியம்.

அதை அடித்தவர்களை முதலில் ரவுடி என்றார்கள். வீட்டில் பெல்ட் அடி விழும். பெண்பிள்ளை அந்தப் பக்கம் போனால் குடும்ப மானம் போச்சு. 1951-இல் ஒரு குழு லண்டன் விழாவுக்குப் போய் வாசித்துக் காட்டி வெள்ளைக்காரன் கைதட்டிய பிறகுதான் உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் காது திறந்தது. 1992-இல் அது நாட்டின் தேசிய வாத்தியம். 2023-இல் அய்.நா. ஆகஸ்டு 11-ஐ ஸ்டீல்பேன் நாள் என்று அறிவித்தது. நாட்டின் சின்னத்தில் கொலம்பசின் மூன்று கப்பல்கள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு ஸ்டீல்பேனை வைப்போம் என்று 2024-இல் அறிவித்தார்கள், 2025 தொடக்கத்தில் நாடாளுமன்றம் சட்டமும் போட்டது.

இதைத் தம்பி மகள் கண்கள் மின்னச் சொன்னாள். "பாத்தீங்களா பெரியப்பா, நம்ம பறை மாதிரியே!"

இங்கேதான் எனக்கும் அவளுக்கும் சண்டை.

நம்ம பறை மாதிரி அல்ல. அங்கே, அடிக்காதே என்றது சட்டம். இங்கே, அடி என்றது ஊர். வித்தியாசம் சின்னது அல்ல.

என் அப்பா சாவுக்கு அடித்தவர். ஊர்த்தெருவில் எழவு விழுந்தால் ராத்திரி என்றாலும் ஆள் வரும். காய்ச்சல் என்றாலும் போக வேண்டும். ஓலையைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, விடிய விடிய அடித்து, சுடுகாடு வரை முன்னால் போக வேண்டும். கூலி கொஞ்சம் நெல்லு, மேலே சாராயம். போகாவிட்டால்? அதையும் பார்த்தோம். எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெரு இளைஞர்கள் கூடி, இனி யாரும் சாவுக்கு அடிக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். நானும் என் தம்பியும் அதில் முன்னால் நின்றவர்கள். ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்களுக்குக் காட்டு வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, அவர்கள் நிலத்து வரப்பில் கால் வைக்கக் கூடாது. அப்பா சித்தாள் வேலைக்குச் சென்னைக்குப் போனார். போகும்போது பறையை எரவாணத்தில் செருகிவிட்டுப் போனார். தம்பி அதை எடுத்துக் கொளுத்தினான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது தப்பு என்று அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை.

கொளுத்தியவன் மகள்தான் இப்போது அடிக்கிறாள். மேடையில், ஊர்வலத்தில், சலங்கை கட்டிக்கொண்டு ஆடி அடிக்கிறாள். தொண்ணூறுகளில் தலித் கலைவிழாக்கள் பறையை விடுதலையின் வாத்தியம் என்று தூக்கிப் பிடித்தன. 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சிதான். அதே பறையை, வேண்டாம் என்று சொன்னதற்காக அடி வாங்கியவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

இயக்கத்தில் இந்த வாதம் இன்னும் முடியவில்லை. பறையை எரிப்பதா, எடுப்பதா? முப்பது வருசமாகக் கத்துகிறோம். டிரினிடாட்டைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிகிறது. கேள்வியே தப்பு. கேட்க வேண்டியது, அடிக்கச் சொல்லவும் நிறுத்தச் சொல்லவும் யாருக்கு அதிகாரம் என்பதுதான். அங்கே அவர்களுக்கு அடிக்கிற உரிமை மறுக்கப்பட்டது, அடித்தே மீட்டார்கள். இங்கே நமக்கு அடிக்க மறுக்கிற உரிமை மறுக்கப்பட்டது. நாம் முதலில் நிறுத்தித்தான் மீட்க முடிந்தது. நாங்கள் நிறுத்தியதால்தான் இவள் இன்று இஷ்டப்பட்டு எடுக்க முடிகிறது. தம்பி கொளுத்தியதும் இவள் எடுத்ததும் ஒன்றுக்கொன்று எதிர் அல்ல, ஒரே வேலையின் இரண்டு பாதி. இதை அவளிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்பாகிட்ட இத நீங்களே சொல்லுங்க பெரியப்பா. நான் அடிக்கிறத அவர் இன்னும் ஒருதடவ கூட வந்து பாக்கல" என்றாள். இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

இது ஒருபுறமிருக்க, போகிற இடத்தைப் புண்ணிய தலமாக்கிவிடவும் கூடாது. இன்றைய கார்னிவலைப் பாருங்கள். தெருவில் பெரிய பெரிய வேசக் குழுக்கள் போகின்றன. சேர வேண்டுமானால் உடை வாங்க வேண்டும். மணியும் இறகும் கோத்த அந்த உடைக்கு நூற்றுக்கணக்கான அமெரிக்க டாலர் விலை, சிலவற்றுக்கு ஆயிரத்தையும் தாண்டும். காசு கொடுத்தவர்களைச் சுற்றி ஒரு கயிறு பிடித்துக்கொண்டு வருவார்கள். கயிற்றுக்கு உள்ளே குடி, சாப்பாடு, காவல். கயிற்றுக்கு வெளியே சனம். அடிமைகளின் பிள்ளைகள் போலீசோடு சண்டை போட்டு வாங்கிய தெருவில், அவர்களின் பேரப்பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக் கூலிக்கு நடக்கிறார்கள். இந்தக் கயிறு எனக்கு நன்றாகத் தெரிந்த கயிறு. தேர்த்திருவிழாவில் பார்த்தது.

ஸ்டீல்பேன் பிறந்த லாவென்டில் மலைச்சரிவு இன்றைக்கும் ஏழைகளின் இடம். துப்பாக்கிச் சாவுகளால் பேர் கெட்ட இடம். கொலைகள் பெருகியதால் 2024 டிசம்பர் 30-இல் அவசரநிலை அறிவித்தார்கள். 2025 கார்னிவல் அந்த அவசரநிலைக்குள்ளேயே நடந்தது. வாத்தியம் நாட்டின் சின்னத்தில் ஏறிவிட்டது. அடித்தவனின் தெரு அங்கேயே கிடக்கிறது. பத்மஸ்ரீயை மாட்டி வைக்கிற நாமும் இதை மறக்கக் கூடாது.

இரண்டு நாள் தலைகீழாகிற உலகம் புதன்கிழமை காலையில் நேராகிவிடும். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு எல்லாரும் அவரவர் வேலைக்குப் போவார்கள். பக்தினை வைத்துப் பேசிய நாங்கள் இந்தப் புதன்கிழமையைப் பற்றிப் பேசவே இல்லை.

நம்மாட்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 35 பேர் இந்திய வம்சாவளி, 34 பேர் ஆப்பிரிக்க வம்சாவளி. கப்பலில் எல்லாரும் ஒன்றாகத் தின்றதில் சாதி கரைந்தது என்பார்கள். நிறையக் கரைந்தது உண்மை. ஆனால் 'சமார்' என்ற சாதிப்பெயர் அங்கேயும் வசவுச் சொல்லாகத் தங்கியது. 'மதராசி' என்பதும் இளக்காரமாகத்தான் புழங்கியது. நம் பக்கத்து சனங்கள் காளிக்கு ஆடு, கோழி அறுத்துக் கும்பிட்டதைப் பெரிய சாதி வழக்கம் பிடித்த இந்துக்கள் அசிங்கம் என்று ஒதுக்கினார்கள். கயானாவின் காளிமாய் கோயில்களில் இன்றைக்கும் அடிக்கிற வாத்தியத்தின் பெயர் தப்பு. நம்ம தப்புதான். காரைக்கால், புதுச்சேரி வழியாகப் பிரெஞ்சுக்காரன் ஏற்றிப்போன குவாதலூப், மார்த்தினீக் தீவுகளிலும் மாரியம்மாளுக்கு முன்னால் அது ஒலிக்கிறது. மொழி போய்விட்டது. தோல் வாத்தியம் நின்றது.

துருபதி ராம்கூனாய் என்ற இந்திய வம்சாவளிப் பெண் 1980-களின் பிற்பாதியில் கார்னிவல் மேடை ஏறி, தாசா மேளத்தையும் சோக்கா இசையையும் கலந்து பாடினார். இந்தியப் பெண் கார்னிவலில் ஆடுவதா, இனத்துக்கே கேவலம் என்று அங்கே உள்ள இந்து கௌரவக்காரர்கள் குதித்தார்கள். கடல் தாண்டினாலும் கௌரவத்தின் குரல் ஒரே குரல்தான். மறுபுறம், 1979-இல் காலிப்சோ பட்டம் வென்ற பிளாக் ஸ்டாலினின் பாட்டு ஆப்பிரிக்க வம்சாவளியை மட்டுமே கரீபியனாகக் காட்டுகிறது, இந்தியரும் பெண்களும் எங்கே என்று கண்டனம் வந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் என்பதாலேயே ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வார்கள் என்பது நம்முடைய ஆசை. வரலாறு அவ்வளவு சுலபமாக இருப்பதில்லை.

இப்போது தோழரின் கேள்விக்கு வருகிறேன். ஊர் எரியும்போது கூத்தா?

கிளாடியா ஜோன்ஸ் என்றொரு தோழர் இருந்தார். 1915-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தவர். கம்யூனிஸ்ட். அமெரிக்கா சிறையில் போட்டு, 1955-இல் நாடு கடத்தியது. லண்டனுக்கு வந்தார். 1958-இல் நாட்டிங் ஹில் பகுதியில் வெள்ளை இளைஞர்கள் கருப்பு மக்களின் வீடு புகுந்து தாக்கினார்கள். நாள்கணக்கில் கலவரம். அந்தச் சூட்டில் கிளாடியா என்ன செய்தார் தெரியுமா? 1959 சனவரி 30-இல், உறைபனிக் காலத்தில், செயின்ட் பேங்க்ரஸ் நகர மன்றத்துக்குள் ஒரு கரீபியன் கார்னிவல் நடத்தினார். அன்றைக்கும் யாராவது அவரிடம், எரியும்போது கூத்தா என்று கேட்டிருப்பார்கள். அந்த விழா மலரை விற்ற பணத்தில் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் மாட்டிய கருப்பு, வெள்ளை இளைஞர்களின் அபராதத்தைக் கட்டுவதற்கு என்று மலரிலேயே அச்சிட்டிருந்தார். கூத்தையும் வழக்கையும் அவர் எதிரெதிராக வைக்கவில்லை. அடி வாங்கிய சனம் சிரிக்கவும் ஆடவும் தெம்பு பெறாமல் வழக்காட வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நாங்களும் அதையே செய்வதாக இருக்கிறோம். போய் வந்த பிறகு பார்த்ததைப் பற்றி ஊர் ஊராகப் பேசுவது, கூடவே அவள் குழு அடிப்பது, வசூலாவதை வழக்கு நிதிக்குக் கொடுப்பது. தோழர் உண்டியலோடு முன்வரிசையில் உட்கார வேண்டும்.

பயணத்திட்டத்தைச் சொல்கிறேன், பின்னால் போகிறவர்களுக்கு உதவும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு டிரினிடாட்டில் 90 நாள் வரை விசா தேவையில்லை. ஆனால் நேர் விமானம் கிடையாது, இடையில் இறங்கி மாறும் நாட்டுக்கு விசா வேண்டுமா என்று பார்த்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். திரும்பி வரும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாவிட்டால் நம் விமான நிலையத்தில் தனிமையில் போட்டுவிடுவார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட வேண்டும். ராணுவ உடை மாதிரிப் பச்சை நிறத் திட்டுப் போட்ட சட்டை, பை எதுவும் எடுத்துப் போகக் கூடாது. அங்கே அது சட்டப்படி குற்றம். கார்னிவல் வாரத்தில் விடுதிக்காரர்கள் வாடகையை ஏற்றி, அய்ந்தாறு நாளுக்கு மொத்தமாகத்தான் கொடுப்பார்கள். எனக்கு விடுப்பும் தடையின்மைச் சான்றும் வாங்க வேண்டும். பிப்ரவரியில் வாத்தியாருக்கு விடுப்பு கேட்டால் தலைமையாசிரியர் எப்படிப் பார்ப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

டிக்கெட் காசுக்கு ஒரு வழி வந்தது. கலாச்சாரக் குழு ஒன்றோடு ஒட்டிக்கொண்டு போகலாம், செலவு அவர்களுடையது என்று ஒருவர் சொன்னார். ஒரே நிபந்தனை, அறிவிப்பில் பறை என்று போட மாட்டார்கள், 'தமிழர் தாள இசை' என்று போடுவார்கள். தம்பி மகள் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

அங்கே என்ன பார்ப்பது? ஒரு வாரம் முன்பே போய்விட வேண்டும். ராத்திரியில் ஸ்டீல்பேன் குழுக்கள் தங்கள் முற்றத்தில் பயிற்சி செய்வார்கள். டியூக் தெருவில் ஆல் ஸ்டார்ஸ், சார்லட் தெருவில் ரெனகேட்ஸ். யாரும் போய் நின்று கேட்கலாம். நூறு பேருக்கு மேல், பெரும்பாலும் காதால் கேட்டு மனப்பாடம் செய்தே வாசிப்பார்கள். வெள்ளிக்கிழமை, பிப்ரவரி 5, விடிவதற்கு முன்னால் பிக்காடிலி கிரீன்ஸ் திடலில் 1881 கலகத்தை நடித்துக் காட்டுவார்கள். அது தவறவே கூடாது. திங்கட்கிழமை இருட்டோடு 'ஜூவே'. சேறும் சாயமும் பூசிக்கொண்டு தெருவில் இறங்குவது. அன்று சாயங்காலம் பராமின் மலைக்கிராமத்தில் நீலப் பேய்கள் வரும்.

பழைய வேசங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். மார்பும் பிருட்டமும் பெருத்த 'டேம் லொரெய்ன்', பண்ணையார் பெண்டாட்டியைக் கேலி செய்வது. வெல்லப்பாகைப் பூசிய பேய், ஆலைக் கொப்பரையில் வெந்து செத்த அடிமையின் ஆவி என்று சொல்வார்கள். 'பேபி டால்', கையில் பொம்மைக் குழந்தையோடு வந்து, போகிற ஆம்பிளையை மறித்து, இது உன் பிள்ளை, காசு கொடு என்று நடுத்தெருவில் மானத்தை வாங்குவாள். எசமானர்கள் கைவிட்டுப்போன பெண்களின் வழக்குமன்றம் அது. உடைக்குக் காசு கட்டி இறகு மாட்டிக்கொள்கிற குழுவில் சேர மாட்டோம். கயிற்றுக்கு வெளியே நிற்கப் போகிறோம். அங்கே நிற்பவர்கள்தான் நமக்குச் சொந்தக்காரர்கள்.

பறையைக் கொண்டுபோவதா என்று நிறையப் பேசினோம். கடைசியில் வேண்டாம் என்று அவளே சொன்னாள். "முதல்தடவ போறோம். கேக்கத்தான் போவணும். அடிக்கறதுக்கு அப்புறமா கூப்பிடுவாங்க."

அப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சத்தம் போட்டு விளக்கினாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அங்க அவங்கள அடிக்கச் சொல்லி யாராவது ஆள் அனுப்புவாங்களா?"

"இல்ல தாத்தா. அவங்களா அடிக்கிறாங்க."

"அப்பச் சரி. போய்ட்டு வாங்க."